ரெண்டு வருசமா மல்லிகைப்பூ ஆகாம இருந்துச்சு

எட்டாம் மாசம், ரெண்டு நாளா அசைவே இல்லன்னு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் பாத்த டாக்டரம்மா ஸ்க்ரீன அவங்க பக்கம் திருப்பிக்கிட்டாங்க, எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு.

2017 ஜூன். வளைகாப்பு முடிஞ்சு ஒரு மாசம் கூட ஆகல, கை நெறைய கண்ணாடி வளையலோட தான் பிரசவ வார்டுல படுத்திருந்தேன். பொம்பளப் புள்ள. எனக்குக் காட்டல. பாத்தா தாங்க மாட்டான்னு சொல்லி வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் ஒரு துண்டுல சுத்தி எடுத்துட்டுப் போயி கல்லறைத் தோட்டத்துல ஓரமா பொதைச்சிட்டு வந்துட்டாங்க. எனக்கு நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சாங்க, ஆனா அத மன்னிக்கத்தான் எனக்கு ரொம்ப நாள் புடிச்சுச்சு.

மூணாம் நாள் பால் கட்டிக்கிச்சு. இப்படி ஆகும்னு யாருமே சொல்லல. நஞ்சுக்கொடி விழுந்தாலே ஒடம்பு பால் சுரக்க ஆரம்பிச்சிரும், புள்ள இருக்கா இல்லையான்னு அதுக்கு எங்க தெரியும். எங்க அத்தை மல்லிகைப்பூவ மாருல வெச்சுக் கட்டி விட்டாங்க, பால் வத்தும்னு, நம்ம பக்கம் காலங்காலமா செய்யிறது தான். காலைல ஒரு தடவ சாயந்தரம் ஒரு தடவ புதுப்பூ. பால் வத்துச்சு, அந்த வாசம் மட்டும் மூக்க விட்டுப் போகல. மதுரைல இருந்துக்கிட்டு மல்லி ஆகாதுன்னா எங்கிட்டுப் போறது சொல்லுங்க, பஸ்ல முன்சீட்டு அக்கா தலையில பூ, விசேச வீட்டு வாசல்ல பூ, ரெண்டு தடவ பாதி வழிலயே பஸ்ஸ விட்டு எறங்கி நடந்திருக்கேன்.

ஆறுதல் சொல்ல வந்தவங்க தான் இன்னும் மோசம். ஆண்டவருக்கு ஒரு சம்மனசு, ஒரு தேவதூதன் தேவைப்பட்டுச்சும்மான்னாங்க. அவருட்ட இல்லாத சம்மனசா, எங்கிட்ட இருந்துதான் எடுக்கணுமா? ஒரு பெரியம்மா மெதுவா, ஞானஸ்நானம் வாங்காத புள்ளையாச்சே, மோட்சம் கெடைக்குமோன்னு இழுத்துச்சு. அது நெஞ்சுல முள்ளு மாதிரி நின்னுருச்சு. அப்புறம் பூசைக்கே போகல. மூத்தவளுக்கு அப்ப அஞ்சு வயசு, தொட்டதுக்கெல்லாம் அடி. ஒரு நாள் ராத்திரி பக்கத்துல படுத்துக்கிட்டு கேக்குறா, "பாப்பாவுக்கு மட்டும்தான் அழுவியாம்மா, எனக்கு அழ மாட்டியா?"

அக்டோபர்ல கீழவாசல் பக்கம் துணி எடுக்கப் போனப்ப மழை புடிச்சுக்கிச்சு, ஒதுங்கத்தான் கீழவெளி வீதி மாதா கோயிலுக்குள்ள போனேன், வேற எந்த நெனப்பும் இல்ல. அது வியாகுல மாதா கோயில், வியாகுலம்னா துயரம். சின்னதுல பாட்டி கூட மொழங்கால்ல நின்னு மாதா பட்ட ஏழு வியாகுலமும் ஜெபமா சொல்லிருக்கேன், ஒன் உள்ளத்த ஒரு வாள் ஊடுருவும்னு சிமியோன் பெரியவர் மாதாட்ட சொன்னதுல ஆரம்பிச்சு ஏசுவோட கல்லறை வரைக்கும், எல்லாம் மறந்து போச்சுன்னு தான் நெனச்சேன், ஆனா வாய் தன்னால வரிசையா சொல்லுது. ஆறாவது, ஏசுவ சிலுவைல இருந்து எறக்கி மாதா மடியில கெடத்துறது. அங்க வந்ததும் நின்னுருச்சு. "ஒனக்காச்சும் மடியில குடுத்தாங்கல்ல"ன்னு சத்தமாவே சொல்லிட்டேன். வெளிச்சமும் வரல, தரிசனமும் வரல, மழை விட்டும் அரை மணி நேரம் கத்தி அழுதேன். மாதாட்ட சண்டை போட்டதுதான் எனக்கு மொத ஜெபம்.

அடுத்த வாரம் எங்க பங்கு ஃபாதர்ட்ட பாவசங்கீர்த்தனத்துக்கு, பாவத்தச் சொல்லி மன்னிப்பு கேக்கப் போனேன். ஆண்டவர் மேல கோவமா இருக்கேன்னேன். சங்கீதத்துல பாதி அதானம்மான்னாரு. ஞானஸ்நானம் விசயத்தக் கேட்டப்ப தான் அவரு குரல் மாறிருச்சு. இப்படிப் போற புள்ளைங்கள இறைவனோட இரக்கத்துல ஒப்படைக்கச் சொல்லி திருச்சபையோட மறைக்கல்வி நூல்லயே இருக்கு, 1261ம் எண், 2007ல ரோம்ல இறையியல் குழுவும் இவங்க மீட்படைவாங்கன்னு நம்புறதுக்குக் காரணம் இருக்குன்னு எழுதிட்டாங்க, நாங்க தான் ஒங்களுக்குச் சொல்லாம விட்டுட்டோம்னாரு. பேரு வெச்சீங்களான்னு கேட்டாரு. பூசைக் கருத்துல, அதாவது யாருக்காக இந்தப் பூசைன்னு சொல்ற எடத்துல, அந்தப் பேரச் சொல்லி ஒப்புக்கொடுக்கலாம்னாரு.

அன்னிக்கு ராத்திரி வீட்டுக்காரர்ட்ட பேரு வெப்பமான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், "மூக்கு ஒன்னைய மாதிரியே இருந்துச்சு, முடி நெறைய"ன்னாரு. நாலு மாசமா அந்த மொகத்த அந்த மனுசன் மட்டும் தனியா சுமந்துருக்காரு. எத்தன மணிக்கு விடிஞ்சுச்சுன்னு தெரியாது, வெரலு எப்படி, நகம் இருந்துச்சான்னு எல்லாம் கேட்டேன், அவரு சொல்லிக்கிட்டே இருந்தாரு. வெச்ச பேரு எங்களுக்குள்ளயே இருக்கட்டும்.

மாத்திரையும் சாப்பிட்டேன், மறைக்கல. தூக்கமே இல்லன்னு மனநல டாக்டர்ட்ட போயி ஒம்போது மாசம். ஜெபம் போதும் மாத்திரை எதுக்குன்னு எங்க பங்குல பக்கத்து வீட்டுக்காரங்க சேந்து ஜெபிக்கிற அன்பியத்துல ஒரு அக்கா சொன்னாங்க. அவங்க சுகருக்கு மாத்திரை போடுறாங்க.

மூத்தவட்ட மன்னிப்பு கேட்டதுதான் கஷ்டம். ஒரு தடவையில முடியல, திரும்பவும் கை ஓங்குவேன், திரும்பவும் கேப்பேன்.

2019 கல்லறைத் திருநாளுக்கு மூணு பேரும் போயி மண்ணைக் கூட்டி சின்னதா சிலுவை நட்டு மெழுகுவர்த்தி ஏத்துனோம். மூத்தவ உண்டியல் காசுல ஒரு மொழம் மல்லி வாங்கிருக்கா, எனக்குத் தெரியாது. பாதிய தங்கச்சிக்கு வெச்சா, மிச்சத்த என் தலைக்குக் கொண்டு வந்தா. இன்னிக்கு வேணாண்டா தங்கம்னு அவ தலையிலயே வெச்சு விட்டேன். திரும்பி வரும்போது வண்டில எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்து வந்தா, வீடு வர்ற வரைக்கும் அந்தப் பூ என் மூக்குக்கு நேரா இருந்துச்சு.