கற்பிட்டிக் கடலில் இரண்டு வாண்டுகளும் ஒரு செம்மஞ்சள் ஜாக்கெட்டும்

முதலில் சண்டையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றதெல்லாம் எழுதவே வராது.

டொல்பின் பார்க்கப் போட் ஏற வந்திருந்தோம். காலை ஆறே முக்கால், கற்பிட்டிப் பக்கத்து ஆலங்குடாக் கடற்கரை. மகளுக்கு மூன்று வயது நிரம்ப இன்னும் இரண்டு மாதம், மகனுக்குப் பதினேழு மாதம். "சின்னாக்களுக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கு, யோசிக்காம வாங்க" என்று முதல்நாள் ஃபோனில் சொன்ன போட்காரர் ஒரு செம்மஞ்சள் ஜாக்கெட்டைக் கொண்டுவந்து மகனுக்கு மாட்டினார். வாரை முடிந்தமட்டும் இறுக்கினார். நான் ஜாக்கெட்டின் இரண்டு தோளையும் பிடித்து மேலே தூக்கினேன். ஜாக்கெட் என் கையோடு வந்தது. பிள்ளை கீழே மணலில் நின்றபடி என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"மடியில வச்சுக்கொண்டா ஒண்டும் ஆகாது தங்கச்சி."

மடியில் வைத்துக்கொள்ள ஜாக்கெட் எதற்கு? ஏற மாட்டேன் என்றேன். அப்படியென்றால் முற்பணம் 5,000 ரூபாவும் போச்சு என்றார். போச்சுதான். மூன்று நாள் மீன் காசு அது. இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனால் அந்த ஜாக்கெட்டை நம்பி என் பிள்ளையைக் கடலில் ஏற்றுகிற அளவுக்கு எனக்கு மண்டை கழன்றுவிடவில்லை.

கரையோடு கொஞ்சத் தூரம் நடந்ததும் வலை உதறிக்கொண்டிருந்த ஒரு வயதான நானா கிடைத்தார். விசயத்தைச் சொன்னதும் ஒரு பொடியனைச் சைக்கிளில் வீட்டுக்கு அனுப்பிப் பேரப்பிள்ளைகளின் ஜாக்கெட் இரண்டை எடுப்பித்தார். சின்னது. கழுத்துக்குப் பின்னால் தலையைத் தாங்க ஒரு மெத்தை, கால்களுக்கு இடையால் போகிற ஒரு வார். தூக்கிப் பார்த்தேன், பிள்ளையும் சேர்ந்து வந்தான். முழு போட்டுக்கும் 15,000 ரூபா. முந்தினவர் விழுங்கியதோடு 20,000. சுதந்திர தின லீவு என்று எல்லாமே ஒரு படி ஏறித்தான் இருந்தது. கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து வந்த வானுக்குக் கொடுத்ததைச் சொன்னால் மாமி என்னை வீட்டுக்குள் விடமாட்டா.

ஏன் கற்பிட்டி என்றால், இந்தப் பக்கம் கடல் அடங்கிக் கிடப்பது நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான். பிறகு தென்மேல் காற்று தொடங்கிவிடும். அதற்குப் பட்டம் கட்டி அலையில் ஓடுகிற வெள்ளைக்காரர் வருவார்கள், டொல்பின் பார்க்க வருகிறவர்களுக்கு வேலை இல்லை. தென்கரையில் மிரிஸ்ஸவில் பெரிய படகு, மேல்தட்டு, கழிவறை எல்லாம் உண்டு. ஆனால் திமிங்கிலம் தேடி மணிக்கணக்கில் ஓட வேண்டும். பதினேழு மாதக்காரனுக்கு அவ்வளவு பொறுமை ஏது? கற்பிட்டியில் போய்த் திரும்ப இரண்டு மணித்தியாலம் என்றார்கள். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

வழியெல்லாம் சொல்ல எதுவுமில்லை. பாலாவியில் இடப்பக்கம் திரும்பியதும் உப்பளம், பிறகு மாம்புரிக் காற்றாலைகள். "பெரிய ஃபேன்! பெரிய ஃபேன்!" என்று மகள் வானுக்குள் துள்ளியதைப் பார்த்தால் இங்கேயே இறக்கிவிட்டு 20,000 ரூபாவை மிச்சம் பிடித்திருக்கலாம்.

போட் என்றால் மீன்பிடிக்கிற அதே ஃபைபர் போட்தான். கூரை கிடையாது, குறுக்கே இரண்டு பலகை, பின்னால் எஞ்சின். நாலு பேர் சேர்ந்து தள்ளி அலையைக் கடத்தினார்கள். முதல் அலையிலேயே தண்ணீர் உள்ளே அடித்தது. இங்கே தாய்மாருக்கு ஒரு செய்தி: கடல் தண்ணீர் பட்ட பம்பர்ஸ் பூசணிக்காய் மாதிரி ஊதும். நனைந்த பம்பர்ஸ், அதற்கு மேல் ஜாக்கெட்டின் கால்வார், அதற்குள் வீரிட்டுக் கத்துகிற பிள்ளை. ஓடுகிற போட்டில் அதைக் கழற்றுவதற்கு நாலு கை வேண்டும். என் இரண்டு கையோடு சேரவேண்டிய மற்ற இரண்டு கையும் அந்த நேரம் போட்டின் விளிம்பைப் பிடித்தபடி கடலுக்குள் சத்தி எடுத்துக்கொண்டிருந்தன. "நான் பருத்தித்துறைக்காரன், எனக்கு என்னத்துக்குக் குளிசை?" என்று காலையில் கேட்ட என் வீட்டுக்காரரின் கைகள்தான் அவை. அரை மணித்தியாலத்துக்கு முதலே போட்டிருக்க வேண்டிய குளிசை என் பையிலேயே கிடந்தது. பிள்ளைகள் இரண்டும் கல்லு மாதிரி இருந்தார்கள். மகள் நானாவிடமிருந்து தண்ணீர் இறைக்கிற வெட்டிய பிளாஸ்டிக் கானை வாங்கி, கடலை அள்ளி போட்டுக்குள் ஊற்றத் தொடங்கினாள். நானா அதை வெளியே ஊற்றினார். இது கனநேரம் நடந்தது.

கரையில் நுரைச்சோலை அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி குச்சியளவுக்குச் சிறுத்தபோது நானா எஞ்சினை அடக்கினார். "ஓங்கில்" என்றார். டொல்பினைத்தான் சொன்னார். எங்கே என்று நான் கேட்கவில்லை, ஏனென்றால் எல்லாப் பக்கமும் இருந்தன. "புஸ்... புஸ்..." என்று மூச்சுவிடுகிற சத்தம்தான் முதலில். பிறகு சாம்பல் முதுகுகள். நூறு, இருநூறு, எண்ண முடியவில்லை. போட்டுக்குப் பக்கத்தில் ஒன்று நேர் மேலே எழும்பி, பம்பரம் மாதிரி தன்னைத்தானே மூன்று நாலு சுற்றுச் சுற்றிவிட்டு விலாப்பக்கம் தண்ணீரில் விழுந்தது. இதனால்தான் இதற்குச் சுழலும் டொல்பின் என்று பெயர். ஒட்டுண்ணி மீனை உதறவோ, கூட்டத்துக்குச் சேதி சொல்லவோ சுற்றுகிறது என்கிறார்கள். எனக்குப் பார்த்தால் சும்மா கொழுப்பில் சுற்றியது போலத்தான் இருந்தது.

மகள் கானைக் கீழே போட்டுவிட்டாள். வாய் திறந்தபடியே இருந்தது. தாயின் வயிற்றோடு ஒட்டியபடி ஒரு குட்டி போனதைக் காட்டி, "அம்மா, அதுக்கு ஜாக்கெட் இல்லை" என்றாள். நான் அழுதுவிட்டேன், சிரித்தும்விட்டேன். மகன்? எஞ்சின் அடங்கிய அதே நிமிடம் என் தோளில் வாணி வடித்தபடி நித்திரை. ஒரு டொல்பினைக்கூடப் பார்க்கவில்லை. அந்த வயதில் கொண்டுபோனது என் பேராசை, வேறொன்றுமில்லை. இரண்டு வயதுக்குக் கீழே என்றால் மாமியிடம் விட்டுவிட்டுப் போங்கள்.

அடுத்த எரிச்சல் உடனே வந்தது. ஏழெட்டு போட் எஞ்சினை அலறவிட்டுக்கொண்டு கூட்டத்துக்கு நடுவால் கிழித்துக்கொண்டு வந்தன, ஃபோனைத் தூக்கிப் பிடித்த ஆட்களோடு. இந்த டொல்பின்கள் இரவெல்லாம் ஆழக் கடலில் மீனும் கணவாயும் வேட்டையாடிவிட்டுப் பகலில்தான் ஓய்வெடுக்கும். இரவு வேலை முடித்துப் படுத்த மனிதரின் அறைக்குள் மேளம் அடிப்பது போலத்தான் இது. ஹவாயில் 2021-லிருந்து இவற்றை 50 யார், அதாவது கிட்டத்தட்ட 46 மீற்றருக்குள் நெருங்கக் கூடாதென்று சட்டமே இருக்கிறது. எங்கள் நானா ஒதுங்கி, அவை போகிற திசையில் பக்கவாட்டாக மெல்ல ஓட்டினார். "துரத்தினா தாண்டிரும், சும்மா நிண்டா அதுகளே வரும்" என்றார். வந்தன. போட்டின் மூக்குக்கு முன்னால் ஐந்தாறு நீந்தின, கைக்கெட்டும் தூரத்தில். நாங்களும் துரத்துகிற போட்டில் இருந்திருந்தால் எனக்கு இந்த நியாயமெல்லாம் ஞாபகம் வந்திருக்குமோ என்னவோ.

பத்து மணிக்குக் காற்று எழும்ப முதல் கரை. காலில் மணல் பட்டதும் பருத்தித்துறைக்காரருக்கு உயிர் வந்தது. "பசிக்குது" என்றார்.

சாப்பாட்டைப் பற்றித் தனியாகவே எழுதலாம். கற்பிட்டிக்குப் போகிற வழியில் தகரக் கூரைக் கடை ஒன்று, மூன்றே மேசை. சூடான இடியப்பம், பால் கெட்டியாக விட்ட சொதி, அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய கணவாய்ப் பிரட்டல். கணவாய் றப்பராக இல்லாமல் பல்லுக்கு இதமாக வெந்திருந்தது, மிளகு தூக்கலாக. மகன் சொதியில் ஊறின இடியப்பத்தை இரண்டு கையாலும் அள்ளித் தின்றான், அவனுடைய பயணம் அங்கேதான் தொடங்கியது. நாலு பேரும் வயிறு முட்டச் சாப்பிட்டு 2,400 ரூபா. கடைக்கார அக்கா மகனுக்கு ஒரு கோழிக்கூட்டு வாழைப்பழம் சும்மா தந்தா.

செலவுக் கணக்கைக் கடைசியில் ஒழுங்காகப் போடுவதாகத்தான் நினைத்திருந்தேன். ஆனால் வெள்ளவத்தையில் இறங்கும்போது வான்காரர் சீற்றில் மணல் என்று சொல்லி இன்னும் 1,500 கேட்டார். இவர் வாக்குவாதப்பட்டுக்கொண்டு நிற்க, மகள் பின்சீற்றிலிருந்து துள்ளி எழும்பி ஒரு சுற்றுச் சுற்றி விலாப்பக்கம் விழுந்தாள். அவளுடைய பொக்கற்றிலிருந்து இன்னும் ஒரு பிடி மணல் கொட்டியது. கொடுத்துவிட்டோம்.