மேடையில் பான்கேக் சுட்ட பெலாஸ்கோ

நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயின் பழைய ஆட்களில், நாடக ஆசிரியரும் தயாரிப்பாளருமான டேவிட் பெலாஸ்கோ மேல் எனக்குத் தனி மோகம். 1853-ல் சான் பிரான்சிஸ்கோவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர், ஆனால் பாதிரியார் மாதிரி கறுப்பு உடையும் வெள்ளைக் காலருமாகத்தான் திரிவார், அதனாலேயே ‘பிராட்வேயின் பிஷப்’ என்று பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

அவருடைய நாடகங்களை இன்று படித்தால் ஒரே அழுகாச்சி. கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. மனுஷனுக்குக் கவனமெல்லாம் செட்டிலும் வெளிச்சத்திலும்தான். 1909-ல் ‘தி ஈசியஸ்ட் வே’ நாடகத்துக்கு ஓட்டை விடுதி அறை ஒன்று தேவைப்பட்டது. செட் போடச் சொல்லாமல், நடிகர்கள் தங்குகிற மட்டமான விடுதியாகத் தேடிப் பிடித்து, ஓர் அறையின் நைந்த கம்பளம், ஒட்டுப்போட்ட நாற்காலி, கதவு, சுவரில் ஒட்டியிருந்த அழுக்குக் காகிதம் வரை விலைக்கு வாங்கிவந்து மேடையில் பொருத்திவிட்டார். 1912-ல் ‘தி கவர்னர்ஸ் லேடி’க்காக, நியூயார்க்கில் எல்லோருக்கும் தெரிந்த சைல்ட்ஸ் ஓட்டலையே மேடைக்குக் கொண்டுவந்து அங்கேயே பான்கேக் சுட வைத்தார். இதில் கலை எங்கே இருக்கிறது என்று கேட்டால், கேள்வி நியாயம்தான்.

ஆனால் வெளிச்சம் வேறு விஷயம். 1900-ல் வந்த ‘மேடம் பட்டர்ஃபிளை’யில், கணவன் வருவான் என்று அந்த ஜப்பானியப் பெண் விடிய விடியக் காத்திருக்கிறாள். கிட்டத்தட்ட 14 நிமிஷம், வசனமே கிடையாது. பொழுது சாய்கிறது, நட்சத்திரங்கள் வருகின்றன, குழந்தை தூங்கிவிடுகிறது, காகித விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன, கிழக்கு வெளுக்கிறது, அவள் அப்படியே நிற்கிறாள். லண்டனில் இதைப் பார்த்த இத்தாலிய இசையமைப்பாளர் பூச்சினிக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது, அதனால் என்ன, 1904-ல் ஆபராவாக, அதாவது பாட்டு நாடகமாக, ஆக்கிவிட்டார்!

1907-ல் 44-வது தெருவில் சொந்தத் தியேட்டர் கட்டியபோது உள்ளேயே ஒளிப் பட்டறையும் வைத்துக்கொண்டார். லூயி ஹார்ட்மன் என்கிற மின் விளக்குக்காரரோடு உட்கார்ந்து விதவிதமான விளக்குகளைச் சோதித்துக்கொண்டே இருந்திருக்கிறார். பின்னாளில் சினிமா நட்சத்திரமான மேரி பிக்ஃபோர்டை அந்தப் பெயரில் மேடையேற்றியதும் அதே வருஷம்தான், அதுவரை அந்தப் பெண் கிளாடிஸ் ஸ்மித்.

ஊர் ஊராகத் தியேட்டர்களை வளைத்துப் போட்டிருந்த ‘சிண்டிகேட்’ என்கிற வியாபாரக் கூட்டணியை எதிர்த்து வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியவர் இவர். சரி, அப்படிப்பட்டவர் 1919-ல் நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் பக்கம் நின்றிருப்பார் என்றுதானே நினைப்போம்? முதலாளிகளோடு நின்றார். அங்கேதான் ஆள் எனக்குக் கசந்துபோகிறார்.