டிரங்குப் பெட்டியில் கிடந்த பென்ஷன்

கோவை சிங்காநல்லூரில் எங்கள் வீதி முக்கில் ஒரு வேப்பமரம் இருக்கிறது. காலை பத்து மணிக்குமேல் அதன் அடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால், மதியச் சாப்பாட்டுக்குள் இரண்டு பேராவது பி.எஃப். தாள்களோடு வந்துவிடுவார்கள். ஒரு நூற்பாலையின் டைம் ஆபீசில் முப்பத்தொரு வருடம் பி.எஃப். கணக்கு எழுதியவன் நான். பணம் எடுக்கவும் பென்ஷன் கேட்கவும் நிரப்பும் படிவம் 19, 10சி, 10டி எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தக் கர்வம் கொஞ்ச நாளாகக் குறைந்திருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன் மகள் வீட்டுக்கு இங்கிலாந்தில் இருக்கும் பிரிஸ்டல் போயிருந்தேன். குளிர். பேச ஆள் கிடையாது. பக்கத்து வீட்டுப் பாட்டி மட்டும் வேலியோரம் நின்று இரண்டு வார்த்தை பேசுவார். நான் பென்ஷன் வேலை பார்த்தவன் என்று தெரிந்ததும் அவருடைய கதையைச் சொன்னார். பல வருடங்களாக அவருக்குக் குறைத்துக் கொடுத்துவந்த பென்ஷனை அரசு நிலுவையோடு அனுப்பி வைத்ததாம். அதற்குக் காரணம் ஸ்டீவ் வெப், எங்கள் பக்கத்து எம்.பி.யாக இருந்தவர் என்றார். ஒரு முன்னாள் எம்.பி.யின் பெயரை இவ்வளவு பிரியமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றிரவே மகளின் கம்ப்யூட்டரில் அவரைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

1965இல் பர்மிங்காமில் பிறந்தவர். நிதி ஆய்வு நிறுவனம் ஒன்றில் பொருளாதார நிபுணராக இருந்து, பாத் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, 1997இல் லிபரல் டெமாக்ரட் கட்சியின் எம்.பி. ஆனார். 2010இல் கூட்டணி ஆட்சி வந்தபோது ஓய்வூதிய அமைச்சர். அந்த நாட்டில் அதற்கென்றே தனி அமைச்சர் உண்டு. முன்பு இருந்தவர்கள் வருவதும் போவதுமாக இருந்த நாற்காலியில் இவர் ஐந்து வருடமும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நம் சீமையும் இரண்டு நிதி அமைச்சர்களைக் கொடுத்திருக்கிறது. சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று வைத்த ஆர்.கே. சண்முகம் செட்டியார் கோவைக்காரர், சி. சுப்பிரமணியம் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். ஆனால் மில் தொழிலாளியின் பென்ஷனை மட்டுமே நினைத்துத் தூங்கி எழும் அமைச்சர் என்று இங்கே ஒருவரும் இருந்ததில்லை. அது தொழிலாளர் துறை மேசையில் நூறு கட்டுகளுக்கு நடுவே இன்னொரு கட்டு.

வெப் காலத்தில்தான், 2012 அக்டோபரில், தனியார் வேலையில் இருப்பவர்களைக் கேட்காமலே பென்ஷன் சேமிப்பில் சேர்க்கும் முறை நடைமுறைக்கு வந்தது. சட்டம் முந்தைய ஆட்சி போட்டது. வண்டியை ஓட்டிக் காட்டியவர் இவர். வேண்டாம் என்பவர் ஒரு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்து விலகலாம். எழுதிக் கொடுக்கச் சோம்பல் என்பதாலேயே ஒரு கோடிப் பேருக்கு மேல் உள்ளே தங்கிவிட்டார்கள். நமக்கு 1952இலேயே பி.எஃப். சட்டம் வந்துவிட்டது, பிடித்தம் கட்டாயம் என்பதால் இதில் எனக்குப் பெரிய வியப்பில்லை.

அவர் ஒன்றும் குறையில்லாத மனிதரல்ல. பெண்களின் ஓய்வூதிய வயதை முன்பு திட்டமிட்டதைவிட வேகமாக உயர்த்திய 2011ஆம் ஆண்டுச் சட்டம் அவர் பொறுப்பில் இருந்தபோது வந்ததுதான். ஐம்பதுகளில் பிறந்த பெண்கள் அந்தக் கோபத்தை இன்னும் விடவில்லை. பென்ஷன் சேமிப்பை விருப்பப்படி எடுத்துச் செலவழிக்கலாம் என்று அரசு அறிவித்தபோது, ஒருவர் அதில் லம்போர்கினி கார் வாங்கினாலும் அது அவர் இஷ்டம் என்ற பொருளில் பேசி மாட்டிக்கொண்டார். அதைப் படித்துச் சிரித்துவிட்டேன். இங்கே மில்லிலிருந்து மொத்தப் பணம் வாங்கியவர்கள் லம்போர்கினி வாங்கவில்லை. ஈமு கோழி வாங்கினார்கள். 2012இல் பெருந்துறைப் பக்கம் அந்த ஈமுப் பண்ணை மோசடி அம்பலமானபோது, என் கையால் படிவம் எழுதிக் கொடுத்த இரண்டு பேர் என் வீட்டுத் திண்ணையில் வந்து அழுதார்கள். இன்னொருவர் சூலூரில் ஆயிரம் அடிக்கு போர்வெல் போட்டார். புழுதிதான் வந்தது.

2015 தேர்தலில் வெப் தோற்றார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அதற்குப் பிறகு அவர் செய்ததைப் படித்துத்தான். பத்திரிகையில் பென்ஷன் கேள்வி பதில் எழுதிக்கொண்டிருந்தவருக்கு ஒரு வாசகியின் கடிதம் வருகிறது. தன் பென்ஷன் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்கிறார். தோண்டிப் பார்த்தால், கணவரின் அடிப்படைப் பென்ஷனில் 60 சதவீதம் வரை பெறத் தகுதியுள்ள மனைவியர் பலருக்கு அது சேரவே இல்லை. 2008 மார்ச்சுக்கு முன்பு அவர்கள் விண்ணப்பித்துக் கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பின் தானாக உயர வேண்டியது உயரவில்லை. கணவர் இறந்தபின் கூடியிருக்க வேண்டிய விதவைகளின் பென்ஷனும் அப்படியே நின்றது. 2021இல் அந்நாட்டுத் தணிக்கை அமைப்பு போட்ட கணக்கு: சுமார் 1,34,000 பேர், நூறு கோடி பவுண்டுக்கு மேல், தவறுகள் 1985 முதல்.

விதவைகள் என்ற இடத்தில் நான் கம்ப்யூட்டரை மூடிவிட்டேன். எங்கள் மில்லில் ஸ்பின்னிங்கில் நூற்கும் இயந்திரம் பார்க்கும் சைடராக இருந்த ஒருவரின் மனைவியை, பிரிஸ்டல் கிளம்புவதற்கு முந்தின வாரம்தான் ரேஷன் கடையில் பார்த்திருந்தேன். கணவர் இறந்து ஆறு வருடம். பென்ஷன் வருகிறதா என்று பேச்சுக்குக் கேட்டேன். “ஏனுங்க, அவரே போய்விட்டார், அந்தக் காசு மட்டும் எங்கே நிற்கும்?” என்றார். நானும் பை நிறைய அரிசியோடு, பிறகு பார்க்கலாம் என்று வந்துவிட்டேன்.

நம் பி.எஃப். பென்ஷனில், கணவர் வாங்கியதில் பாதி மனைவிக்கு உண்டு. 2014 செப்டம்பர் முதல் ஆயிரம் ரூபாய்க்குக் குறையவும் கூடாது. பென்ஷன் உத்தரவிலேயே அது எழுதியிருக்கும். அந்தத் தாளைக் கணவர் கையில் கொடுத்தவன் நான்தான். அந்தம்மாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பி வந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். தாள், டிரங்குப் பெட்டியில் கல்யாணச் சேலைக்கு அடியில் மடித்தபடி இருந்தது. அதில் இன்னொரு வம்பு. எங்கள் பக்கம் வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, ரேஷன் கார்டுப் பெயர் ஒன்று. கணவர் வாய்க்கு வந்த செல்லப் பெயரைச் சொல்ல, நானும் அப்படியே எழுதியிருக்கிறேன். என் கையெழுத்துதான், மறுக்க முடியாது. இரண்டும் ஒருவரே என்று சான்று வாங்கி, திருத்தி, பணம் வர எட்டு மாதம் ஆனது. “நீங்கள் அன்றைக்கே சொல்லியிருந்தால் தெரிந்திருக்குமுங்க” என்றார், கோபமில்லாமல். கோபப்பட்டிருந்தால் தேவலை.

இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறேன். நான் படிவம் எழுதி ஓய்வு பெற்றவர்களின் பெயர்களை நினைவிலிருந்து எழுதி, ஒவ்வொரு வீடாகப் போய் மனைவியிடம் தாளைக் காட்டச் சொல்கிறேன். நேற்றுவரை முப்பத்தொரு வீடு. நான்கு வீடுகளில் பெயர் தப்பு. ஒண்டிப்புதூர் முடிந்தது. வெள்ளலூரில் மூன்று வீடு பாக்கி. அதில் ஒரு வீட்டில் நாய் கடிக்கும் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பேரனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.