மூட்டை கட்டிய தீவு: மொரீசியஸின் போ பிளான் சர்க்கரை ஆலை

போர்ட் லூயி நகரின் இமிகிரேஷன் ஸ்கொயரிலிருந்து வடக்கே பாம்பிள்மூஸுக்கு பஸ் கிடைக்கிறது. அங்கே இறங்குகிறவர்களில் பலர், தாவரவியல் பூங்காவின் குளத்தில் தாம்பாளம் போல மிதக்கும் ராட்சத அல்லி இலைகளைப் பார்க்க வருகிறவர்கள். நான் நெடுஞ்சாலைக்கு மறுபுறம் நின்ற கல் புகைபோக்கியை நோக்கி நடந்தேன். அதுதான் போ பிளான் சர்க்கரை ஆலை. 1797இல் தொடங்கிய இந்த ஆலையில் 1999இல் அரவை நின்றது. 2002 முதல் இது அருங்காட்சியகம்.

நுழைவுச் சீட்டு வாங்கியபோது கைக்கு வந்த மொரீசியஸ் ரூபாய்த் தாளில் மதிப்பு தமிழிலும் அச்சாகியிருந்தது. ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கரும்பு இல்லையென்றால் அந்த எழுத்து இந்தத் தீவுக்கு இப்படி வந்து சேர்ந்திருக்காது.

உள்ளே பெரிய பற்சக்கரங்களும் உருளைகளும் கொப்பரைகளும் நிற்கின்றன. இயந்திரங்களைப் பழைய இரும்புக்குப் போடாமல் காப்பாற்றியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். கரும்பு எந்த வழியாகப் போய்ச் சர்க்கரையாகும் என்பதை அவற்றினூடே நடந்தே புரிந்துகொள்ளலாம். உருளைகளில் நசுங்கிச் சாறு பிரிகிறது. சுண்ணாம்பு சேர்த்துக் காய்ச்சினால் அழுக்கு அடியில் தங்குகிறது. தெளிந்த சாறு சுண்டிப் பாகாகி, வெற்றிடக் கலனில் மணி மணியாக உறைகிறது. பிறகு மையவிலக்கு இயந்திரம் சுழன்று, கழிவுப்பாகை ஒருபுறம் தள்ளிச் சர்க்கரையை மறுபுறம் நிறுத்துகிறது. ஏறத்தாழ பத்து டன் கரும்புக்கு ஒரு டன் சர்க்கரை.

இதற்கு அடுத்த கட்டம்தான் என்னை இழுத்துப் பிடித்தது. செய்த சர்க்கரையை எதில் கட்டினார்கள்? யார் தூக்கினார்கள்? ஆலைகளின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் கொதிகலனோடு நின்றுவிடுகிறார்கள். மூட்டை கட்டும் கொட்டகைக்குள் எட்டிப் பார்ப்பவர் குறைவு.

இங்கே கரும்பு 1639இலேயே டச்சுக்காரர்களோடு ஜாவாவிலிருந்து வந்துவிட்டது. அவர்கள் அதிலிருந்து பெரும்பாலும் சாராயம்தான் காய்ச்சினார்கள். பிரெஞ்சு ஆளுநர் மாஹே தெ லபூர்தொனே காலத்தில், 1740களில், வில்பாக் என்ற இடத்தில் முறையான சர்க்கரை ஆலை எழுந்தது. வேலைக்கு மடகாஸ்கரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் அடிமைகள் கொண்டுவரப்பட்டார்கள். கைவினைஞர்களைப் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வரவழைத்தார்கள். தமிழர் இத்தீவில் கால் வைத்தது ஒப்பந்தக் கூலிக் காலத்துக்கு ஒரு நூற்றாண்டு முன்பே.

1810இல் தீவு ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1825இல் மொரீசியஸ் சர்க்கரைக்கும் மேற்கிந்தியத் தீவுச் சர்க்கரைக்கும் பிரிட்டன் ஒரே வரியை விதித்ததும், காடு வெட்டிக் கரும்பு நட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தச் சின்னத் தீவில் 250க்கும் மேற்பட்ட ஆலைகள் ஓடின. அத்தனை சர்க்கரையையும் கட்ட இங்கே சணல் கிடையாது. அதனால் மண்ணிலேயே விளைந்த தாழை கைகொடுத்தது. உள்ளூரில் அதற்கு வக்குவா என்று பெயர். அந்த மடலைக் கிழித்து, உலர்த்தி, முள் நீக்கி, பாய் முடைவது போலப் பை முடைந்தார்கள். வீட்டுத் திண்ணைகளில் நடந்த வேலை அது. லண்டன் சந்தைக்குப் போன சர்க்கரையின் மீது ஏழை வீட்டுக் கைவிரல்களின் பின்னல் இருந்தது. பிற்பாடு இந்தியாவிலிருந்து வந்த சணல் கோணி அந்த இடத்தைப் பிடித்தது. கற்றாழை இனத்து நாரிலிருந்து சாக்கு நெய்ய அரசே ஓர் ஆலையும் நடத்தியது.

மூட்டை துறைமுகம் போய்ச் சேர்ந்த கதை இன்னும் கடினமானது. முதலில் மாட்டு வண்டி, 1864இலிருந்து ரயில். போர்ட் லூயி கிடங்குகளில் மலை மலையாக அடுக்கி, முதுகில் சுமந்து படகில் இறக்கி, துறைமுகத்தின் நடுவில் நின்ற கப்பலுக்குக் கொண்டுபோய் மறுபடியும் ஏற்றினார்கள். ஒவ்வொரு மூட்டையும் எத்தனை தோள் மாறியது என்று நினைத்தாலே மனம் கனக்கிறது.

1980இல், மூட்டை கட்டாமல் சர்க்கரையை அப்படியே கொட்டிக் கப்பலேற்றும் முனையம் துறைமுகத்தில் திறந்ததும் மூட்டைக்கு வேலையில்லாமல் போயிற்று. சர்க்கரை லாரியில் கொட்டலாக வந்து, கொட்டகையில் குன்றாகக் குவிந்து, ஓடும் கன்வேயர் பட்டை வழியே நேரே கப்பலுக்குள் பாய்ந்தது. முதுகுகளுக்கு விடுதலைதான். ஆனால் அந்தச் சுமையை நம்பிப் பிழைத்த துறைமுகத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அது வேலையிழப்பாகவும் வந்தது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லாத வரலாற்றை என்னால் ஏற்க முடியவில்லை.

அடிமை முறை 1835இல் ஒழிந்தது. அதற்கு முந்தைய ஆண்டே ஒப்பந்தக் கூலிகளின் வருகை தொடங்கிவிட்டது. 1834க்கும் 1920க்கும் இடையில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் இத்தீவில் இறங்கினார்கள். கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் மூன்று துறைமுகங்களிலிருந்தும் கப்பல் வந்தது. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் தோட்டங்களில் இருந்தது. அவர்கள் வந்து இறங்கிய, இன்று யுனெஸ்கோ பட்டியலில் உள்ள ஆப்ரவாசி காட் படிக்கட்டுகள், நான் பஸ் ஏறிய இமிகிரேஷன் ஸ்கொயருக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன.

போ பிளானிலிருந்து சற்றுத் தொலைவில் பெல் வியூ. கூலி உயர்வு கேட்டுப் போராடியவர்கள் மீது 1943 செப்டம்பர் 27 அன்று அங்கே போலீஸ் சுட்டது. இறந்தவர்களில் அஞ்சலை கூப்பன் ஒருவர். அப்போது அவர் கருவுற்றிருந்தார். பெயரைக் கேட்டதுமே யார் வீட்டுப் பெண் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த வட்டாரத்து விளையாட்டரங்கத்துக்கு அஞ்சலையின் பெயரை வைத்திருக்கிறார்கள். அமைச்சர் பெயரையோ முதலாளி பெயரையோ வைக்காமல் ஒரு கரும்புத் தோட்டத் தொழிலாளியின் பெயரை வைத்த அந்த முடிவுக்குத் தலை வணங்குகிறேன்.

அருங்காட்சியகச் சுற்று சர்க்கரை ருசி பார்ப்பதில் முடிகிறது. பொன்னிறச் சர்க்கரையிலிருந்து, கழிவுப்பாகு முழுதும் நீங்காத கரிய மஸ்கவாடோ சர்க்கரை வரை சின்னக் கரண்டியில் தருகிறார்கள். கரியதில் கழிவுப்பாகின் கசப்பு லேசாக நாவில் நிற்கும். எனக்கு அதுவே பிடித்தது. பக்கத்துக் கடையில் இவையெல்லாம் அழகான பொட்டலங்களில் இருக்கின்றன. இதுவும் அலங்காரத்துக்காக வந்ததல்ல. 1975 ஒப்பந்தப்படி ஐரோப்பா ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் டன் சர்க்கரையை நல்ல விலைக்கு வாங்கிவந்தது. 2006க்குப் பிறகு சில ஆண்டுகளில் அந்த விலையை 36 சதவீதம் வெட்டினார்கள். கச்சாச் சர்க்கரையைக் கொட்டலாக அனுப்பிப் பிழைக்க வழியில்லாமல் போனதால், தீவு சுத்திகரித்த வெள்ளைச் சர்க்கரைக்கும் இத்தகைய தனிவகைச் சர்க்கரைகளுக்கும் திரும்பியது. இவை பையிலும் பொட்டலத்திலும் அடைத்து அனுப்ப வேண்டியவை. கொட்டல் முறை ஒழித்த மூட்டை, இப்படி வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது.

இன்று தீவு முழுக்க மூன்று ஆலைகளே அரைக்கின்றன. வடக்கே பெல் வியூவில் ஒன்று ஓடுகிறது. அங்கே கரும்புச் சக்கையை எரித்து மின்சாரமும் எடுக்கிறார்கள். போக நினைப்பவர்கள் ஜூன் முதல் டிசம்பர் வரையிலான அரவைப் பருவத்தில் போங்கள். கரும்பு லாரிகளைச் சாலையிலேயே பார்க்கலாம். காலையில் ஆப்ரவாசி காட் படிகளைப் பார்த்துவிட்டு பஸ் ஏறினால், கரும்புக்காக வந்து இறங்கிய இடத்தையும் கரும்பு போய்ச் சேர்ந்த இடத்தையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.