ஈரலில் ஒரு கட்டி

ஜூன் 9
ஒன்பது சென்டிமீட்டர். ஸ்கேன் எடுத்தவர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். ஈரலின் வலது பக்கம் பெரிய கறுப்பு வட்டம், அதற்குள் சின்னச் சின்னதாக வட்டங்கள். அப்பா எட்டிப் பார்த்து, "உள்ள குட்டி போட்டிருக்கா?" என்றார். "ஆமாங்கய்யா, அப்படித்தான்" என்றார் டாக்டர்.

ஜூன் 10
புற்றுநோய் இல்லை.

ஜூன் 13
கட்டிக்குக் காரணம் நாயின் குடலில் இருக்கும் நாடாப்புழு. சில மில்லிமீட்டர் நீளம்தான். முட்டைகள் நாயின் மலத்தோடு வெளியேறி மண், கீரை, தண்ணீர், நாயின் முடி என்று எங்கும் ஒட்டுகின்றன. மேயும்போது ஆடு தின்கிறது. அதன் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி வளர்கிறது. அந்த ஈரலை நாய் தின்றால் திரும்பவும் புழு. முட்டை எப்படியோ வாய்க்குள் போய், இந்தச் சுற்றுக்குள்தான் அப்பா மாட்டிக்கொண்டார்.

மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றாது. அம்மா அவர் தட்டைத் தனியாக வைத்திருந்தாள். எடுத்து மற்றத் தட்டுகளோடு சேர்த்தேன்.

ஜூன் 14
எங்கள் நாய் வீரனை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாம் என்கிறான் அண்ணன். கட்டி வருடக்கணக்கில் மெதுவாக வளர்வது. எப்போது உள்ளே போனதென்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை. வீரன் அப்போது பிறந்திருப்பானா? அப்பா கிடை போட்ட ஊர்களில் எத்தனை நாய்கள், எத்தனை கண்மாய்த் தண்ணீர்.

வீரன் எங்கும் போகமாட்டான்.

ஜூன் 18
அப்பாவுக்குப் புழு மாத்திரை, அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், காலையும் இரவும். கொழுப்புள்ள சாப்பாட்டோடு போட்டால்தான் மருந்து உடம்பில் சேருமாம். அம்மா சோற்றில் நெய்யை ஊற்றுகிறாள், ஊற்றுகிறாள்.

ஜூன் 21
அப்பா ஆட்டுக்குட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கத்திவிட்டேன். வயிற்றில் அடிபட்டுக் கட்டி உடைந்தால் ஒவ்வாமையில் உயிரே போகலாம். கட்டிக்குள் இருக்கும் நீர் சிந்திய இடத்திலெல்லாம் புதுக் கட்டி முளைக்கலாம். "குட்டி இம்புட்டுத்தான தாயி கனம்" என்கிறார். அவரிடம் எப்படிச் சொல்வது?

ஜூன் 22
அவர் இருமினால் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது.

ஜூன் 27
கால்நடை மருந்தகத்தில் வீரனை எடை பார்த்து பிரசிகுவான்டெல் கொடுத்தார்கள். புழு சாகும், முட்டை சாகாது. அதனால் இரண்டு நாள் கட்டிப்போட்டு, மலத்தை ஆழமாகப் புதைக்கச் சொன்னார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். சரி. தெருவில் திரிகிற மற்ற நாய்களுக்கு யார் கொடுப்பது?

பாப்பா அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். கை கழுவு, கை கழுவு என்று நாள் முழுக்கச் சொல்லி என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 3
ஐஸ்லாந்தில் ஒரு காலத்தில் இந்த நோய் ஊருக்கு ஊர் இருந்ததாம். 1860-களில் சின்னப் புத்தகம் அச்சடித்து மக்களுக்குக் கொடுத்தார்கள்: ஆட்டின் கெட்ட உறுப்புகளை நாய்க்குப் போடாதீர்கள், எரியுங்கள் அல்லது புதையுங்கள். இன்று அங்கே அந்த நோயே இல்லை. அப்படியானால் இங்கேயும் முடியும்தானே. இரவு முழுக்க இதே நினைப்பு.

ஜூலை 20
கோயிலில் கிடா வெட்டு. ஆறு கிடா. நான் சாமி கும்பிடப் போகவில்லை, வேப்பமரத்தடியில் உரிக்கிற இடத்தில் நின்றேன். நாலாவது கிடாவின் ஈரலில் வெள்ளையாக, நுங்கு போல ஒன்று புடைத்திருந்தது. உரிக்கிறவர் கத்தி முனையால் அந்தப் பக்கத்தை மட்டும் அறுத்து, பார்க்காமலே பின்னால் வீசினார். நாய்கள் அங்கேதான் காத்திருந்தன.

கம்பை எடுத்து விரட்டினேன். "நாய்க்குத்தான போடுறோம், அதையும் ஏன்த்தா தடுக்குற?" என்றார் பெரியப்பா. எல்லார் முன்னாலும் அப்பா சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டி, "அதுதான் இங்க இருக்கு" என்றார். யாரும் பேசவில்லை. அப்புறம் உரிக்கிறவரே மண்வெட்டி கேட்டார். நாய் தோண்டாத ஆழத்துக்குக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடி, மேலே கல் வைத்தோம்.

அடுத்த வாரம் கிழக்குத் தெருவில் வெட்டு. அங்கேயும் போக வேண்டும்.

ஜூலை 22
நாளை மறுநாள் ஆபரேஷன். பயமாக இருக்கிறது.

ஜூலை 24
ஏழு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். கட்டியைச் சுற்றி உப்புக் கரைசலில் நனைத்த துணி வைத்துத்தான் திறப்பார்களாம், ஒரு சொட்டும் சிந்தக் கூடாது. பதினொன்றாகிறது. பாப்பாவுக்கும் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் சீட்டு வாங்க வரிசையில் நிற்கிறான். பெயர் கூப்பிடுகிற மாதிரி