பற்கடிப்புக்கு ஒரு காப்பு, குறட்டைக்கு ஒரு கருவி: 11 மாத அலைச்சல்

"தூங்கும்போது குறட்டை விடுவீர்களா?" இந்தக் கேள்வியை ஒரு பல் மருத்துவர் என்னிடம் கேட்பதற்கு எட்டு மாதம் ஆயிற்று. அதற்குள் இரண்டு பற்காப்புகள் செய்தாகிவிட்டது, ஒரு பல்லுக்குக் கேப் போட்டாகிவிட்டது, எடுத்த விடுப்புக்குக் கணக்கே இல்லை. இதே வழியில் இப்போது போய்க்கொண்டிருப்பவர்களுக்கு அந்த எட்டு மாதமாவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தொடக்கம் பலருக்கும் தெரிந்ததுதான். காலையில் எழுந்தால் பொட்டில் வலி, இறுகிப்போன தாடை, வறண்ட வாய். ஒரு நாள் மேல் கடைவாய்ப் பல்லின் மூலை சில்லாக உடைந்து நாக்கில் வந்து விழுந்தது. மருத்துவர் வாய்க்குள் பார்த்தவுடனே சொல்லிவிட்டார், தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்கள் என்று. கண்ணாடியைக் கையில் கொடுத்துக் காட்டினார். கோரைப் பல்லின் கூர்முனை இருக்க வேண்டிய இடம் அரம் போட்டு இழைத்ததுபோலத் தட்டையாகப் பளபளத்தது. கீழ்வரிசையில் இரண்டு பற்களின் உச்சியில் எனாமல் போய், நடுவில் மஞ்சளாக ஒரு புள்ளி தெரிந்தது. அது அடியில் இருக்கும் டென்டின் என்றும், போன எனாமல் திரும்ப வளராது என்றும் சொன்னார். அதுவரை எனக்கு எந்த மனக்குறையும் இல்லை.

பல் தேயாமலிருக்க இரவில் பற்களின்மேல் மாட்டிக்கொள்ளும் காப்புக்கு அன்றைக்கே அளவு எடுத்துவிட்டார். உடைந்த பல்லுக்குக் கேப் போட வேண்டும் என்பதையும் அன்றைக்கேதான் சொன்னார். இரண்டில் எதை முதலில் செய்வது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அது தோன்றியிருக்க வேண்டியது அவருக்கு. காப்பு வந்து சேர்வதற்குள் கேப் போட்டு முடிந்திருந்தது. காப்போ பழைய உடைந்த பல்லின் வடிவத்துக்குச் செய்யப்பட்டது. எப்படி உட்காரும்? உள்பக்கத்தை இராவிப் பார்த்தார்கள். இராவிய இடம் காகிதம்போல மெலிந்து, 12ஆம் நாள் காலையில் விரிசலோடு கையில் வந்தது. பல் அடைப்பது, கேப் போடுவது, பற்களைச் சுத்தம் செய்வது எல்லாவற்றையும் முடித்துவிட்டு, கடைசியாகக் காப்புக்கு அளவு கொடுங்கள். மருத்துவர் அவசரப்பட்டாலும் நீங்கள் அவசரப்படாதீர்கள்.

இரண்டாவது முறை அளவு எடுத்ததை நினைத்தால் இன்றைக்கும் ஆற்றாமையாக இருக்கிறது. தட்டில் இளஞ்சிவப்புக் கலவையைக் குழைத்து வாயில் வைத்து அழுத்தி, இறுகியதும் எடுத்து, கைகழுவும் தொட்டியின் விளிம்பில் வைத்தார் உதவியாளர். அடுத்த நோயாளி வந்தார், அதற்கடுத்தவர் வந்தார். நான் கணக்கைத் தீர்த்துவிட்டு, மறந்துபோன குடையை எடுக்கத் திரும்பி வந்தபோதும் அந்த அச்சு அங்கேயே இருந்தது. ஓரங்கள் வெளுத்து, தட்டிலிருந்து மெல்ல விட்டுக்கொண்டு சுருளத் தொடங்கியிருந்தன. "இது இப்படியே இருக்கலாமா?" என்று கேட்டேன். "நாளைக்குக் காலையில் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்து எடுத்துப்போவார்கள்" என்று பதில் வந்தது.

பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் கலவைக்கு ஆல்ஜினேட் என்று பெயர். பெரும்பகுதி தண்ணீர்தான். காற்றுப் பட்டால் நீர் வற்றிச் சுருங்கிவிடும். எடுத்த கையோடு பிளாஸ்டர் ஊற்றிவிட வேண்டும். முடியாவிட்டால் ஈரத்தில் சுற்றி வைத்துச் சிறிது நேரத்துக்குள் ஊற்றியாக வேண்டும். சிலிக்கான் பசையில் எடுக்கும் அச்சுக்கும், வாய்க்குள் கேமராவை விட்டு எடுக்கும் ஸ்கேனுக்கும் இந்தத் தொல்லை இல்லை. அளவு கொடுக்கும்போது "எதில் எடுக்கிறீர்கள், எப்போது பிளாஸ்டர் ஊற்றுவீர்கள்?" என்று கேட்பதில் தவறே இல்லை. முகம் சுளித்தால் சுளிக்கட்டும், கடிக்கப்போவது நாம்.

சுருங்கிய அச்சில் செய்த காப்பு எப்படி வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் தூக்கியது. முன்பற்கள் இரண்டும் இடுக்கியில் மாட்டியதுபோல வலித்தன. போய்ச் சொன்னபோதெல்லாம் கிடைத்த பதில் ஒன்றுதான்: "பழகிவிடும்." வாயில் புதிதாக ஒரு பொருள் இருக்கும் உணர்வு பழகும், ஊறும் உமிழ்நீர் பழகும். ஒரே பல்லில் விழும் அழுத்தம் பழகாது. அதைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நான் ஒப்புக்கொண்டு ஏழு வாரம் போட்டேன். நடுவில் கடையில் வாங்கிய மென்மையான ரகம் ஒன்றையும் போட்டுப் பார்த்தேன். இரவெல்லாம் மெல்வதற்கு ஏதோ கிடைத்ததுபோலத் தாடை இன்னும் அதிகமாக வேலை செய்ததுதான் மிச்சம்.

தலைவலி மட்டும் போகவே இல்லை. அப்போதுதான் என் மகள் ஓர் இரவு கைபேசியில் பதிவு செய்ததைக் காலையில் என் காதருகே வைத்தாள். குறட்டைச் சத்தம் ஏறிக்கொண்டே போகிறது. திடீரென்று ஒன்றுமே இல்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறது. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன், 20 தாண்டியது. பிறகு தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வந்தவரைப்போல ஒரு பெரும் மூச்சு. அதைத் தொடர்ந்து பல் நறநறவென்று உராயும் ஒலி. "இப்படி எத்தனை முறை நடந்தது என்று தெரியுமா அம்மா? நான் தூங்கவே இல்லை" என்றாள். பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளை, என் மூச்சு திரும்புகிறதா என்று இரவெல்லாம் காவல் இருந்திருக்கிறாள்.

அந்தப் பதிவோடு வேறொரு பல் மருத்துவரிடம் போனேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் கேட்ட முதல் கேள்விதான் மேலே நான் எழுதியது. அடுத்தடுத்துக் கேட்டார். பகலில் கண் அயர்கிறதா? இரவில் சிறுநீர் கழிக்க எத்தனை முறை எழுகிறீர்கள்? இரத்த அழுத்தம் உண்டா? மனச்சோர்வுக்கு மாத்திரை ஏதும் எடுக்கிறீர்களா? சில மாத்திரைகளுக்கும் பற்கடிப்புக்கும் தொடர்பு உண்டாம். இரவில் மூன்று முறை எழுவதை நான் வயதின் கணக்கில் எழுதி வைத்திருந்தேன். காலைத் தலைவலியை முழுக்கப் பற்களின் கணக்கில் எழுதியிருந்தேன். இரண்டும் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதன் அறிகுறிகளாகவும் இருக்கலாம் என்றார்.

பழைய மருத்துவமனையின் படிவத்தில் குறட்டை என்ற கட்டமே கிடையாது. பல்லுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நானும் சொல்லவில்லை. பெண்கள் குறட்டை விடுவதை வெளியே சொல்லக் கூசுகிறோம், கேட்பவர்களும் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து சொல்லுங்கள். மூச்சுத் தடை உள்ள சிலருக்கு, மேல்வரிசையில் மட்டும் போடும் சாதாரணக் காப்பு அந்தத் தடையை அதிகப்படுத்தவும் கூடும் என்று அவர் சொன்னபோது எனக்கு உடம்பு சில்லிட்டது. ஏழு வாரம் அதைத்தானே போட்டுக்கொண்டு படுத்தேன்!

இரண்டும் வேறு வேறு பொருட்கள் என்பதே அன்றுதான் எனக்குத் தெளிவாயிற்று. பற்கடிப்புக் காப்பு ஒரே வரிசையில் உட்காரும். அது கடிப்பதை நிறுத்தாது, தேய்வது பல்லாக இல்லாமல் காப்பாக இருக்கும், அவ்வளவுதான். குறட்டைக் கருவி மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று என இரண்டு துண்டு. கீழ்த்தாடையைச் சற்று முன்னால் இழுத்துப் பிடித்திருக்கும். தூக்கத்தில் தசைகள் தளரும்போது நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப்பாதையைக் குறுக்குகிறது. தாடை முன்னால் வந்தால் அதோடு ஒட்டிய நாக்கும் முன்னால் வரும், பாதை திறக்கும். ஆனால் தூக்கப் பரிசோதனை அறிக்கை இல்லாமல் இதைச் செய்து தரமாட்டேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். அந்த உறுதிக்காகவே அவரிடம் நம்பிக்கை வந்தது.

பரிசோதனை வீட்டிலேயே நடந்தது. மார்பில் ஒரு பட்டை, மூக்கில் மெல்லிய குழாய், விரலில் ஆக்சிஜன் அளக்கும் கவ்வி. முதல் இரவு கவ்வி எப்போதோ கழன்றுவிட்டது; நான்கு மணி நேரம்கூடப் பதிவாகவில்லை. பரிசோதனைக் கருவியை மறுபடி வாங்க மூன்று வாரம் காத்திருந்தேன். இரண்டாவது முறை விரலோடு சேர்த்து ஒட்டுநாடா சுற்றி, கம்பியை மணிக்கட்டில் ஒரு சுற்றுக் கட்டிக்கொண்டு படுத்தேன். இதை யாரும் சொல்லித் தரவில்லை. நகப்பூச்சு இருந்தால் முன்பே அழித்துவிடுங்கள்.

முடிவு வந்தது: ஒரு மணி நேரத்துக்கு 19 முறை. ஒவ்வொன்றும் குறைந்தது 10 விநாடி மூச்சு நின்றோ குறைந்தோ போவது. மல்லாந்து படுக்கும்போது 34. மணிக்கு 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம் என்று கணக்கு. முகமூடி மாட்டிக் காற்றை அழுத்தும் சிபாப் கருவியைத்தான் தூக்க மருத்துவர் முதலில் சொன்னார். மூக்கில் குழாய் வைத்திருந்த இரண்டு இரவுகளே எனக்குத் தாங்கவில்லை என்றதும், என் அளவுக்கு வாய்க் கருவியும் ஏற்றதுதான், ஆனால் மறுபரிசோதனை கட்டாயம் என்றார்.

இனி எல்லாம் சுலபம் என்று நினைத்தேன். தூக்க மருத்துவரின் வரவேற்பில் இருந்தவர் ஒற்றைத் தாளை நீட்டி "இதுவே போதும்" என்றார். பல் மருத்துவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, படுக்கும் நிலை வாரியான எண்களும் இல்லை, மருத்துவரின் கையெழுத்தும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். மறுபடி போனேன். முழு அறிக்கை வேண்டும் என்றால் மருத்துவர் சொல்ல வேண்டும், மருத்துவர் விடுப்பில். அடுத்த வாரம் அறிக்கையும் கடிதமும் கிடைத்தன. கடிதத்தில் "சிகிச்சை தேவை" என்று மட்டும் இருந்தது, வாய்க் கருவி என்ற சொல்லே இல்லை. மூன்றாவது நடைக்கு நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன்: எல்லாப் பக்கங்களும் உள்ள அறிக்கை, கையெழுத்து, தேதி, "தாடையை முன்னிறுத்தும் வாய்க் கருவிக்குப் பரிந்துரைக்கிறேன்" என்ற வரி. வரவேற்பு மேசையை விட்டு நகராமல் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கோடிட்டேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அன்று நான் வெறுங்கையோடு திரும்பவில்லை.

அளவெடுப்பு ஸ்கேனில் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஈறும் மற்றப் பற்களும் உறுதியாக இருக்கின்றனவா என்று அதற்கு முன்பே பார்த்துவிட்டார். கருவி பற்றிக்கொள்வது அவற்றைத்தான். தாடையை எவ்வளவு முன்னால் தள்ள முடிகிறது என்று ஓர் அளவுகோலைக் கடிக்கவைத்துப் பார்த்தார். எனக்கு 9 மி.மீ. தொடக்கம் 5 மி.மீ.யில். நான் பல்லைக் கடிப்பவள் என்பதால் இணைப்புப் பகுதி தடிமனான ரகத்தைத் தேர்ந்தெடுத்தார். மெல்லியது கடிக்கும் வேகத்தில் உடைந்துவிடுமாம். மேலும் கீழும் கடினமான அக்ரிலிக் இருப்பதால் பல்லோடு பல் உரசுவதில்லை, எனக்குத் தனியாகப் பற்கடிப்புக் காப்பு தேவைப்படவில்லை.

பொருத்திய அன்று நீலத் தாளைக் கடிக்கச் சொன்னார். எடுத்துப் பார்த்தால் வலது ஓரத்தில் மட்டும் அடர்ந்த ஒரு பொட்டு, மற்ற இடமெல்லாம் வெறுமை. அந்தப் பொட்டை லேசாக இராவினார், மறுபடி கடிக்கச் சொன்னார். ஏழாவது முறை இரண்டு பக்கமும் சிறு சிறு நீலப் புள்ளிகள் வரிசையாக விழுந்தன. "இப்படி வந்தால்தான் அனுப்புவேன்" என்றார். பழைய இடத்தில் இந்தத் தாளையே நான் கண்டதில்லை.

ஒரு தவறு நான் செய்தேன். தாடையைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கொண்டுவர, கருவியைச் சிறு சாவியால் வாரத்துக்கு ஒரு முறை திருப்பச் சொல்லியிருந்தார், ஒரு திருப்பத்துக்கு 0.25 மி.மீ. குறட்டை சீக்கிரம் நிற்கட்டும் என்று ஒரே வாரத்தில் நான்கு முறை திருப்பிவிட்டேன். காதுக்கு முன்னால் உள்ள தாடை மூட்டு வீங்கியதுபோல வலித்து, வாயைத் திறக்கவே சிரமப்பட்டேன். முழுவதும் பின்னால் திருப்பி, இரண்டு வாரம் ஓய்வு கொடுத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. சாவியை மகளிடம் கொடுத்து வைத்தேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் தருவாள்.

கழுவுவதற்குக் குளிர்ந்த தண்ணீர் மட்டும். வெந்நீர் பட்டால் வளைந்துவிடும். பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் விழும், கீறலில் வாடை தங்கும். காற்றோட்டமுள்ள டப்பாவில் உலர்த்தி வையுங்கள். வீட்டில் நாய் இருந்தால் டப்பா உயரத்தில் இருக்க வேண்டும்.

கருவியோடு எடுத்த மறுபரிசோதனையில் 19 என்பது 6 ஆகியிருந்தது. தலைவலி இல்லை. இரவில் ஒரு முறை எழுகிறேன், சில நாள் அதுவும் இல்லை. மகள் தூங்குகிறாள்.

காலையில் கருவியைக் கழற்றியதும் கீழ்ப்பற்கள் முன்னால் நின்றுவிட்டதுபோல இருக்கும், கடைவாய்ப் பற்கள் சேராது. அதற்காகத் தந்திருக்கும் சிறிய கடிப்பானை வாயில் வைத்துக் கடித்தால் பெரும்பாலும் 15 நிமிடத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடும். கடந்த சில நாட்களாக இடது பக்கம் சேர 40 நிமிடம் ஆகிறது. நாளாக நாளாகக் கடிமானம் நிரந்தரமாக மாறுவதும் உண்டு என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். தேதியும் நேரமும் போட்டுக் குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். சந்திப்புக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதுவரை காத்திருக்காமல் நாளைக்கே தொலைபேசியில் கேட்கப் போகிறேன்.