மூன்று நாள் ஜூஸில் இறங்குகிற அந்த இரண்டரை கிலோ

கர்க்கடக மாதம் (நம்ம ஆடி) வந்தால் களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் மருந்துக் கஞ்சி கிட் கேட்டு ஆள் வரும். ஞவரை அரிசி, உலுவா (வெந்தயம்), சீரகம், தேங்காய்ப்பால் எல்லாம் சேர்ந்த அந்தக் கஞ்சி மழைக்காலத்தில் உடம்பைத் தேற்றக் குடிப்பது, இளைக்க அல்ல. இப்போது அதையும் ‘டீடாக்ஸ்’, அதாவது நச்சு நீக்கம் என்கிறார்கள். கஞ்சியால் பெரிய கெடுதல் இல்லை. பயப்பட வேண்டியது மூன்று நாள், ஏழு நாள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் ஜூஸ் பட்டியலுக்குத்தான்.

காலையில் நெல்லிக்காய் இஞ்சிச் சாறு, பதினொரு மணிக்குக் கருக்கு (இளநீர்), மதியம் வாழைத்தண்டு, சாயங்காலம் கீரை ஜூஸ், ராத்திரி எலுமிச்சையும் தேனும். பெரும்பாலும் இவ்வளவுதான் பட்டியல். கூட்டிப் பார்த்தால் 400, 500 கலோரி தேறும். புரதம் 10 கிராமைத் தொடுவதே கஷ்டம். 60 கிலோ எடையுள்ளவருக்குத் தினமும் 50 கிராம் புரதம் வேண்டும்.

நாலாம் நாள் தராசில் ஏறினால் இரண்டரை கிலோ குறைந்திருக்கும். அது பொய்யில்லை. ஆனால் ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். நாளுக்கு 1,800 கலோரி செலவாகும் உடம்புக்கு 500 கொடுத்தால் மூன்று நாளில் 3,900 தான் குறைகிறது. கொழுப்பாகக் கணக்கிட்டால் அரைக் கிலோ, அதிலும் ஒரு பங்கு தசையிலிருந்து போகும். மிச்சம் தண்ணீர். ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து அரைக் கிலோ அளவுக்கு இருப்பு இருக்கும். அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். பட்டினியில் முதலில் தீர்வது இந்த இருப்பு. மறுபடி சோறும் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) உள்ளே போனதும் மாவும் தண்ணீரும் சேர்ந்தே திரும்பிவிடும்.

‘நச்சு வெளியேறும்’ என்கிறார்களே, எந்த நச்சு என்று கேட்டால் பெயர் சொல்ல மாட்டார்கள். சிறுநீரகம் ஒரு நாளில் வடிகட்டும் திரவம் சுமார் 180 லிட்டர். அந்த வேலையை ஒரு டம்ளர் வாழைத்தண்டுச் சாறு கூட்டித் தராது. கெடுக்க மட்டும் சில சாறுகளால் முடியும்.

இரும்பன்புளியை (பிலிம்பிக்காய்) எடுத்துக்கொள்ளுங்கள். மீன்கறியில் நாலைந்து காய் போட்டால் ஒன்றும் ஆகாது. ரத்தக் கொழுப்பு குறையும் என்று அதையே அரைத்துப் பிழிந்து குடித்து, கேரளத்தில் ஐந்து மருத்துவமனைகளில் பத்துப் பேருக்குச் சிறுநீரகம் திடீரென்று செயலிழந்தது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. காரணம் அந்தக் காயில் நிறைய இருக்கும் ஆக்சலேட் என்ற உப்பு. சாப்பாட்டோடு போனால் அதில் ஒரு பங்கைக் கால்சியம் குடலிலேயே பிடித்துவிடும். வெறும் வயிற்றில் கெட்டியான சாறாகப் போனால் ரத்தத்தில் ஏறி, சிறுநீரகக் குழாய்களில் படிகமாக அடைத்துக்கொள்ளும். பசலைக்கீரையைப் பச்சையாக அரைத்துத் தினமும் குடிப்பதிலும் இதே ஆபத்துதான். குடித்த ஓரிரு நாளில் சிறுநீர் குறைந்து, வாந்தியோ விக்கலோ இடுப்புவலியோ வந்தால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்தே ஆகவேண்டும்.

சுரைக்காய் ஜூஸ் குடிக்கிறவர்கள் காயைப் பிழியும் முன் ஒரு துண்டு கடித்துப் பாருங்கள். கசந்தால் முழுக்காயையும் எறியுங்கள். அந்தக் கசப்பு குக்கர்பிட்டாசின் என்ற நஞ்சு. ரத்த வாந்தி வரை கொண்டுபோகும், உயிரும் போயிருக்கிறது. இஞ்சி, எலுமிச்சை கலந்தால் கசப்பு மறையும், நஞ்சு மறையாது.

டீடாக்ஸ் டீ பலவற்றில் இருப்பது நம்ம திருநெல்வேலிப் பெயரிலேயே உலகச் சந்தைக்குப் போகும் நிலாவரை இலை. அது பேதி மருந்து. கலோரி சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். நிலாவரை வேலை செய்வது பெருங்குடலில். ஆக, போவது தண்ணீரும் பொட்டாசியமும்.

நீரிழிவுக்குக் கிளிமிபிரைடு மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்களுக்கு இந்தப் பட்டியலால் சர்க்கரை 70க்குக் கீழே விழலாம். டாபாகிளிஃப்ளோசின் என்ற இன்னொரு நீரிழிவு மாத்திரை எடுப்பவர்கள் பட்டினி கிடந்தால், சர்க்கரை அதிகம் ஏறாமலேயே ரத்தம் அமிலமாகலாம். சிறுநீரகம் பலவீனமானவர்களும், டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற பிரஷர் மாத்திரை எடுப்பவர்களும் பொட்டாசியம் நிறைந்த கருக்கை அடுக்கடுக்காகக் குடிக்கக் கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும்.

திரவ உணவே தப்பு என்று சொல்லவில்லை. 2018ல் லான்செட்டில் வந்த பிரிட்டன் ஆய்வில் நாளுக்கு 850 கலோரி அளவில், புரதமும் தாதுக்களும் கணக்காய்ச் சேர்த்த திரவ உணவை மூன்று முதல் ஐந்து மாதம் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேருக்கு நீரிழிவு மருந்தில்லாமலே அடங்கியிருந்தது. ஆனால் தொடங்கும் நாளிலேயே சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை நிறுத்தி, தொடர்ந்து கண்காணித்துத்தான் செய்தார்கள். வடிகட்டிய ஜூஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

திரவமாகத்தான் வேண்டும் என்றால் ராத்திரிச் சோற்றுக்குப் பதில் கஞ்சியும் பயறும் போதும். சம்பா அரிசி 40 கிராம், சிறுபயறு 50 கிராம். இரண்டும் சேர்ந்து சுமார் 310 கலோரி, புரதம் 15 கிராம். பயறைத் தனியாக வேகவைத்து, ஒரு ஸ்பூன் தேங்காயெண்ணெயில் தாளித்தால் இன்னொரு 45 கலோரி. தொட்டுக்கொள்ளத் துவையல் கொஞ்சம் போதும். ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் பாக்கெட்டைப் பக்கத்தில் வைக்காதீர்கள்: 100 கிராமுக்கு 500 கலோரிக்கு மேல்.